அத்தை வேண்டிக்கொண்டார், நான் நடந்தேன்: கல்பேஸ்வரர் தரிசனம்

கல்பேஸ்வரரைத் தரிசித்தாயிற்று. அவன் அருளால், உத்தராகண்ட் இமயமலையில் உள்ள ஐந்து சிவத்தலங்களான பஞ்ச கேதாரமும் முடிந்தது. தில்லிக்குத் திரும்பிய பிறகும் மாடிப்படி இறங்கும்போதெல்லாம் என் முழங்கால் ‘சிவ சிவா’ என்கிறது.

வேண்டுதல் என்னுடையது இல்லை. என் கணவருக்கு பைபாஸ் நடந்தபோது, ஆபரேஷன் தியேட்டர் வாசலில் உட்கார்ந்து என் மாமியார் வேண்டிக்கொண்டது. “பிள்ளையைத் திருப்பிக் குடுத்துடுப்பா, எங்க வீட்டு ஆள் ஒருத்தர் அஞ்சு கேதாரத்துக்கும் நடந்தே வருவோம்.” வேண்டிக்கொண்ட அத்தைக்கோ எண்பதை நெருங்குகிற வயது. பிழைத்து வந்தவருக்கு மலையேற டாக்டர் அனுமதி கிடையாது. பையன் புனேயில் இருக்கிறான், லீவு இல்லையாம். மிச்சம் யார்? தில்லி ஆர்.கே.புரம் மலை மந்திர் முருகன் கோயில் படியேறவே மூச்சு வாங்குகிற நான். கிளம்பும் நாள் வரை முணுமுணுத்துக்கொண்டேதான் இருந்தேன்.

மஞ்சள் துணி ஒன்றில் ஐந்து முடிச்சுப் போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு ரூபாய் முடிந்து கொடுத்தார் அத்தை. கேதாரத்துக்கு ஒன்று. “சன்னதியிலதான் அவிழ்க்கணும். வழியிலேயே அவிழ்த்துப் பர்ஸ்ல போட்டுண்டு போயிடாதே” என்றார். என்னைப் பற்றி அவருக்குத் தெரியாதா!

மலை மந்திரில் கிருத்திகைதோறும் கூடும் எங்கள் பஜனைக் கோஷ்டிதான் துணை. மயூர் விஹார் மாமி, கரோல் பாக் தம்பதி, ரிட்டையரான ஒரு பேங்க் மாமா, இன்னும் சிலர்.

சம்பந்தர் காளத்தியில் இருந்தபடியே திருக்கேதாரத்தைப் பாடிவிட்டார். நமக்கு அந்த பாக்கியம் ஏது? கௌரிகுண்டிலிருந்து 16 கிலோமீட்டர், கோவேறு கழுதைகள் இடித்துத் தள்ள, சாணியும் சேறுமாக நடந்தோம். “மாதாஜி, கோடா, கோடா” என்று குதிரைக்காரன் ஒருவன் விடாமல் பின்னாலேயே வந்தான். மேலே போனால் “ஸ்பெஷல் பூஜை, பத்து நிமிஷத்துல தரிசனம்” என்று இன்னொருவன். இரண்டு பேரையும் தாண்டி வரிசையில் நின்று உள்ளே போனால், கண்ணை மூடித் திறப்பதற்குள் “ஆகே சலோ” (முன்னே நட)! முதல் முடிச்சை அவிழ்த்துக் காசைப் போட்டதுதான் ஞாபகம் இருக்கிறது. ஈசனைப் பார்த்தேனா என்று கேட்டால், தள்ளியவரின் முழங்கையைத்தான் நன்றாகப் பார்த்தேன்.

மத்யமகேஸ்வரரும் துங்கநாதரும் அப்படி இல்லை, நிம்மதியான தரிசனம். துங்கநாத் 12,000 அடிக்கு மேல் இருந்தாலும் சோப்தாவிலிருந்து நடை குறைவு. ருத்ரநாத்தான் எங்களைப் பிழிந்து எடுத்துவிட்டது. சகர் கிராமத்திலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர். பனார் புல்வெளியில் பிடித்த மழை பையெல்லாம் நனைத்துவிட்டது. ஆனாலும் அந்தத் திருமுகத்தைப் பார்த்ததும் எல்லாம் மறந்துபோனது.

அங்கிருந்து பெரும்பாலானவர்கள் வந்த வழியே இறங்கி, வண்டி பிடித்துத்தான் கல்பேஸ்வரருக்குப் போகிறார்கள். அத்தை ‘நடந்தே’ என்று சொல்லிவிட்டாரே! பனார் வழியாக துமக், கல்கோட் கிராமங்களைத் தொட்டு உர்கம் பள்ளத்தாக்கில் இறங்கினோம். துமக்கில் ஒரு வீட்டில் கேழ்வரகு ரொட்டியும் ராஜ்மாவும் போட்டார்கள். கேட்காமலேயே நெய் ஊற்றினார்கள். ஒரு மூட்டை உப்பு வேண்டுமென்றாலும் மலை ஏற்றிக்கொண்டு வர வேண்டிய ஊர்க்காரர்கள் அவர்கள்.

கடைசி நாள் காலை கல்கோட்டிலிருந்து கிளம்பும்போது தூறல். இனி இறக்கம்தானே என்று எல்லோருக்கும் தெம்பு. படிப்படியான வயல்களில் கேழ்வரகு ஒரு பக்கம், செக்கச்செவேலென்று தண்டுக்கீரைக் கதிர் ஒரு பக்கம். மயூர் விஹார் மாமி விதை கேட்டு வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். பால்கனித் தொட்டியில் போடப் போகிறாராம்.

காட்டுக்குள் நுழைந்து கொஞ்ச தூரத்தில் பாதை நின்றுவிட்டது. ஒரு ஐம்பது அடிக்கு மலை அப்படியே சரிந்து, மண்ணும் கல்லுமாக அடியில் ஓடைவரை கிடந்தது. பேங்க் மாமா பார்த்தார், பையை இறக்கி வைத்தார், அதன் மேலேயே உட்கார்ந்தார். “நீங்க போயிட்டு வாங்கோ. எனக்கு நாலு கேதாரம் போறும்” என்றார். யாருக்கும் சிரிப்பு வரவில்லை. எனக்கும் அதே நினைப்புதான்.

வழிகாட்டியாக வந்த துமக் பையன் ஒன்றும் பேசவில்லை. தடியால் குத்திக் குத்தி, கால் வைக்கிற அளவுக்குக் குழி பறித்துக்கொண்டே அக்கரைக்குப் போய்த் திரும்பி வந்தான். பிறகு ஒவ்வொருவராகக் கைபிடித்துக் கூட்டிப்போனான். என் முறை வந்தபோது, “ஆன்ட்டிஜி, கீழே பார்க்க வேண்டாம், என் செருப்பைப் பாருங்கள்” என்று ஹிந்தியில் சொன்னான். பார்த்தேன். நீல ஹவாய் செருப்பு. ஒரு வார் அறுந்து, கம்பி வைத்து முறுக்கியிருந்தது. நாங்கள் அத்தனை பேரும் ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய ஷூ போட்டிருந்தோம். அந்தக் கம்பி ஒரு அடி நகரும், நான் ஒரு அடி நகர்வேன். வாய் பஞ்சாட்சரம் சொல்லிக்கொண்டிருந்தது, கண் கம்பியை விடவில்லை. அக்கரை சேர்ந்து திரும்பினால், பேங்க் மாமா கண்ணை இறுக மூடியபடி அவன் தோளைப் பிடித்து வந்துகொண்டிருந்தார். அந்தப் பையன் நன்றாக இருக்க வேண்டும்.

அதற்கப்புறம் எப்படி தேவ்கிராம் வந்தோம், எப்போது கல்பகங்கைப் பாலத்தைத் தாண்டினோம் என்று வரிசையாகச் சொல்லத் தெரியவில்லை. எதிரே அருவி கொட்டியது. மணி கட்டிய நடை. சின்னஞ்சிறு கற்கோயில். வரிசை இல்லை, தரகர் இல்லை, டோக்கன் இல்லை. எங்கள் கோஷ்டியும் நாலைந்து கிராமத்துப் பெண்களும்தான்.

குகைதான் சன்னதி. குனிந்துதான் போக வேண்டும். அபிஷேகம் ஆன ஈரத்தில், சின்ன விளக்கொளியில் ஜடை தெரிந்தது. பாண்டவர்களுக்குப் பிடிபடாமல் காளையாகி மண்ணுக்குள் மறைந்த ஈசனின் அங்கங்கள் ஐந்து இடங்களில் வெளிப்பட்டன என்பது ஐதீகம். கேதாரத்தில் திமில், துங்கநாத்தில் கை, ருத்ரநாத்தில் முகம், மத்யமகேஸ்வரில் நாபி, இங்கே ஜடாமுடி. உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

மஞ்சள் துணியை எடுத்தேன். ஐந்தாவது முடிச்சு அவிழவில்லை. பனார் மழையில் நனைந்து, காய்ந்து, கல்லாக இறுகியிருந்தது. விரலோ குளிரில் மரத்திருந்தது, நகத்தையும் கிளம்பும்போது ஒட்ட வெட்டியிருந்தேன். பூசாரி கையில் சொம்போடு காத்திருந்தார். அவசரப்படுத்தவில்லை. “கத்திரி தரட்டுமா?” என்று பின்னாலிருந்து மாமி. வேண்டுதல் முடிச்சை வெட்டுவதா? பல்லால் இழுக்கலாமென்றால் எச்சில் பட்டுவிடும். பூசாரி என் கழுத்தைக் காட்டினார். தாலிச் சரட்டில் எப்போதும் தொங்கும் ஊக்கு! கழற்றி, முனையை முடிச்சுக்குள் செருகி நெம்பினேன். முனை வளைந்தது. இன்னொரு பக்கம் செருகினேன். ஒரு இழை நெகிழ்ந்தது, அப்புறம் இன்னொன்று. காசு தெறித்து விழுந்து, உருண்டு, நேராக அவனடியில் போய் நின்றது. பூசாரி வாய்விட்டுச் சிரித்தார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

பையனுக்கு இது, பெண்ணுக்கு அது என்று மனதில் ஒரு பட்டியல் கொண்டுபோயிருந்தேன். ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. ‘கொடுத்தாயே, கொடுத்தாயே’ என்று மட்டும் சொல்லிக்கொண்டு நின்றேன். தள்ள ஆளில்லாததால் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை.

பத்ரிநாத் சாலையில் உள்ள ஹேலங் வந்ததும் அத்தைக்கு போன் போட்டேன். முடிச்சுக் கதையைச் சொன்னால், “கடைசியை வேணும்னுதான் இறுக்கிப் போட்டேன். சுலபமா அவிழ்ந்தா நீ சட்டுனு காசைப் போட்டுட்டு வெளியில வந்துடுவே” என்றார்.

தில்லித் தமிழன்பர்களே, நடக்க முடியவில்லை என்று தயங்க வேண்டாம். மற்ற நான்கு கோயில்களும் குளிர்காலத்தில் மூடிவிடும். கல்பேஸ்வரர் மட்டும் வருஷம் முழுக்கத் தரிசனம் தருகிறார். ஹேலங்கிலிருந்து உர்கத்துக்கு ஜீப் இருக்கிறது, ரோடுதான் சுமார். தனி ஜீப் என்று ஆரம்பித்துப் பல மடங்கு கேட்பார்கள். ஷேர் ஜீப்புக்குக் காத்திருந்தாவது போய்வாருங்கள்.

திருச்சிற்றம்பலம்.