மூடாக்கை விலக்கிப் பார்க்கட்டும்

1970களில் ஆஸ்திரேலியாவில் பில் மோலிசனும் டேவிட் ஹோம்கிரனும் வகுத்த, இயற்கையின் போக்கைப் பின்பற்றிப் பண்ணையைத் திட்டமிடும் நிரந்தர வேளாண்மையை (பெர்மாகல்ச்சர்) இளைஞர்களிடம் கொண்டுசேர்க்க, வகுப்பறைப் பாடங்களைவிட நேரடிக் களப்பணியே உதவும் என்று உறுதியாக நம்புகிறேன். சித்திரை வெயிலில் வெற்று நிலத்தில் கை வைத்துவிட்டு, பக்கத்துப் பாத்தியில் மண்மீது போர்வையாகப் பரப்பிய வைக்கோல் மூடாக்கை விலக்கி, ஈரம் காயாமல் குளிர்ந்திருக்கும் மண்ணையும் அதில் நெளியும் மண்புழுவையும் தொட்டுப் பார்க்கும் மாணவருக்கு, மூடாக்கு எதற்கு என்று தனியாக விளக்க வேண்டியதில்லை. கரூர் மாவட்டம் கடவூரில் இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் உருவாக்கிய வானகம் பண்ணை, 2013இல் அவர் மறைந்த பின்னரும் பயிற்சிகளைத் தொடர்வது இதனால்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஆனால் ஆர்வம் மட்டும் சோறு போடாது. கீரை ஒரு மாதத்திலும் செடிமுருங்கை ஆறேழு மாதத்திலும் தரும் வரவைக் கொண்டு, மாவும் பலாவும் காய்க்கும்வரை எப்படித் தாக்குப்பிடிப்பது என்பதை முதல் நாளிலேயே இளைஞர்களிடம் வெளிப்படையாகப் பேச வேண்டும்.