சமையலறையோடு ஹலால் முடிவதில்லை

சமையலறைக்கு ஹலால் சான்றிதழ் வாங்குவது எங்களுக்குக் கஷ்டமாக இல்லை. தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் ஓவர்போர்ட் பகுதியில் நானும் மனைவியும் சமோசாவும் கறி கட்லெட்டும் செய்து, உறையவைத்து விற்கிறோம். கறி முதல் எண்ணெய் வரை எல்லாவற்றுக்கும் பில் இருந்தது. சரக்கு வாசலைத் தாண்டிய பிறகுதான் சிக்கல்.

ஜோகன்னஸ்பர்க் ஃபோர்ட்ஸ்பர்க்கில் ஒரு கடையிலிருந்து 40 பெட்டிக்கு ஆர்டர் வந்தது. வாடகை குறைவாகக் கேட்ட குளிர்வண்டியில், விசாரிக்காமல் ஏற்றிவிட்டேன். என்3 சாலையில் ஏறக்குறைய 570 கிலோமீட்டர் பயணம். மறுநாள் காலை கடைக்காரர் போன் செய்தார். கீழக்கரைக்காரர், நான் காக்கா (அண்ணன்) என்றுதான் கூப்பிடுவேன். "தம்பி, உன் சாமான் மேல எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா பக்கத்துலயே பன்றி இறைச்சி ஏத்தியிருக்கான். அது இளகிக் கசிஞ்சு உன் அட்டையெல்லாம் நனைஞ்சிருக்கு. நான் எப்படி இறக்குவேன்?"

நாற்பதும் திரும்பி வந்தன. அட்டை ஓரத்தில் காய்ந்திருந்த அந்தச் செம்பழுப்புக் கறை இன்னும் கண்ணில் நிற்கிறது. காக்கா செய்ததுதான் சரி. 2011-ல் கேப்டவுனில், இறக்குமதி இறைச்சியில் ஹலால் லேபிளை மாற்றி ஒட்டியதாகப் புகார் எழுந்து நீதிமன்றம் வரை போனது. அதை இங்குள்ளவர்கள் மறக்கவில்லை.

அப்புறம் ஹலால் சரக்கு மட்டும் ஏற்றும் ஒரு நிறுவனத்துக்குப் போனேன். விலை பேசும் முன்பே அவர்கள் எங்கள் சான்றிதழைக் கேட்டார்கள், மூலப்பொருள் பட்டியலைக் கேட்டார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. மலேசியாவின் எம்எஸ் 2400 என்ற ஹலால் தரநிலை வண்டி, கிடங்கு, சில்லறைக் கடை மூன்றுக்கும் தனித்தனியே விதி சொல்கிறது. அதைப் பார்த்துத்தான் பதிவேடு வைத்திருந்தார்கள். ஒவ்வொரு வண்டியும் முன்பு எதை ஏற்றியது, எப்போது கழுவப்பட்டது எல்லாம் அதில் இருந்தது. பழைய வண்டி வாங்கினால் ஏழு முறை கழுவுகிறார்கள், அதில் ஒரு முறை மண் கலந்த தண்ணீரால். பன்றி பட்டதை இப்படித்தான் கழுவச் சொல்லும் ஷாஃபி மத்ஹபில் (இஸ்லாமியச் சட்ட மரபுகளில் ஒன்று) வளர்ந்த எனக்கு அதைக் கேட்டதும் நெஞ்சு நிறைந்தது.

வாடகை கூடுதல்தான், மறைக்க விரும்பவில்லை. ஆனால் எங்களைப் போன்ற ஆறு சிறு தயாரிப்பாளர்களின் சரக்கை ஒரே வண்டியில் சேர்க்கிறார்கள். திரும்பும்போதும் காலியாக வராமல் அங்கிருந்து மசாலாவும் சாஸும் ஏற்றி வருகிறார்கள். டீசல் செலவு எல்லோர் மேலும் பரவிவிடுகிறது. சொந்த வண்டி வாங்க முடியாத நாங்கள் பெரிய கம்பெனிகளுக்குப் பக்கத்து அலமாரியில் நிற்பது இதனால்தான். 2023-ல் லோட் ஷெட்டிங் எனும் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோதும் அவர்கள் கிடங்கின் ஜெனரேட்டர் எங்கள் சரக்கை மைனஸ் 18 டிகிரியில் காத்தது.

இப்போது வண்டி போய்ச் சேர்ந்ததும் காக்கா போனில் வண்டிக் கதவின் சீல் எண்ணை வாசிப்பார். நான் இங்கே பில்லில் விரல் வைத்துச் சரிபார்ப்பேன். கடைசி எண்ணும் ஒத்துப்போன பிறகுதான் பையன்களிடம் "இறக்குங்கப்பா" என்பார்.