சிபில் பார்க்க நாலாயிரத்து ஐந்நூறு ரூபாயா?

சித்திரை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, உச்சி வெயிலில் தங்கச்சி வீட்டுக்காரர் பேர்ணாம்பட்டிலிருந்து பைக்கிலேயே சத்துவாச்சாரிக்கு வந்து நின்றார். ஒரு சொம்பு தண்ணீரை மடமடவென்று குடித்துவிட்டு, "மச்சான், சிபில் ஏத்தித் தரேன்னு ஒருத்தன் நாலாயிரத்து ஐந்நூறு வாங்கிட்டான், இப்ப போனே எடுக்க மாட்டேங்கிறான்" என்றார். சிபில் என்று அவர் சொன்னது, வாங்கிய கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று பார்த்துப் போடுகிற ஸ்கோரை.

அவருக்குத் தொழில், ஆம்பூர் ஷூ கம்பெனிகளுக்கு அப்பர், அதாவது ஷூவின் மேல் பாகம், தைத்துக் கொடுக்கிற ஜாப் ஒர்க். வீட்டு மாடியில் நான்கு தையல் மெஷின், ஆறு பேர் வேலை செய்கிறார்கள். தோல் ஓரத்தைச் சீவுகிற மெஷின் ஒன்றும் இன்னும் இரண்டு தையல் மெஷினும் வாங்க மூன்று லட்சம் கடன் கேட்டு வங்கிக்குப் போயிருக்கிறார். "சிபில் சரியில்லை" என்ற ஒரு வார்த்தையோடு அனுப்பிவிட்டார்கள். என்ன சரியில்லை, எந்தக் கடனில் சரியில்லை என்று யாரும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. வெளியே வந்து பஸ் ஸ்டாண்ட் பக்கம் டீ குடிக்கும்போது மின் கம்பத்தில் ஒட்டியிருந்த நோட்டீஸ் கண்ணில் பட்டிருக்கிறது: ஏழே நாளில் சிபில் 750, கேரண்டி.

இதை எழுத உட்கார்ந்ததே அந்த நோட்டீஸுக்காகத்தான். அந்த வேலையை யாராலும் காசு வாங்கிச் செய்து தர முடியாது. அந்த ஸ்கோரும் நம் கடன் விவரங்களும் அடங்கிய ரிப்போர்ட் உங்களுடையது, உங்களுக்கு இலவசமாகவே கிடைக்க வேண்டியது. முதலில் இது நம் ஆட்களுக்குத் தெரிய வேண்டும்.

நாம் சிபில் சிபில் என்று பொதுப்பெயராகச் சொன்னாலும் சிபில் என்பது ஒரு கம்பெனி, 2000-ல் தொடங்கியது. இப்படிக் கடன் விவரம் சேகரித்து ஸ்கோர் போட இந்தியாவில் ரிசர்வ் வங்கி அனுமதி பெற்ற கம்பெனிகள் மொத்தம் நான்கு: டிரான்ஸ்யூனியன் சிபில், ஈக்விஃபேக்ஸ், எக்ஸ்பீரியன், கிரிஃப் ஹை மார்க். நாம் வாங்குகிற வண்டிக் கடன், நகைக் கடன், செல்போன் இ.எம்.ஐ., பெண்கள் வாங்குகிற குழு லோன் எல்லாம் கடன் கொடுத்தவர்கள் அனுப்பும் தகவலாக இந்த நாலு இடத்துக்கும் போய்ச் சேருகிறது. 2017 ஜனவரியிலிருந்து, கேட்கிற ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு ஒரு முறை முழு ரிப்போர்ட்டை ஸ்கோரோடு இலவசமாகக் கொடுத்தாக வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு. நாலு கம்பெனியிலும் தனித்தனியாக வாங்கலாம், ஆக ஆண்டுக்கு நாலு ரிப்போர்ட் காசில்லாமல். நம்முடையதை நாமே பார்த்தால் ஸ்கோர் குறையும் என்று ஒரு பேச்சு ஊரில் உண்டு. அது தவறு, குறையாது. கடன் கேட்டு ஒரு வங்கியோ ஃபைனான்ஸோ எடுத்துப் பார்த்தால்தான் அது விசாரணையாகப் பதிவாகி ஸ்கோரைக் குறைக்கலாம்.

சரி, அன்றைக்கே எடுத்துப் பார்த்துவிடலாம் என்று லேப்டாப்பைத் திறந்தோம். பான் கார்டு, ஆதாரில் இருக்கிற செல் நம்பர், ஒரு இமெயில், இவ்வளவு போதும். தளங்களில் ஒன்று கவனிக்க வேண்டும். மாதத் திட்டம், ஆண்டுத் திட்டம் என்று விலை போட்ட பெட்டிகள்தான் கண்ணுக்கு முன்னால் பெரிதாக நிற்கும். ஆண்டுக்கு ஒரு முறை இலவசம் என்கிற வரி ஓரத்திலோ அடியிலோ சின்ன எழுத்தில் இருக்கும், தேடிப் பிடிக்க வேண்டும். நடுவில் திட்டத்தில் சேரச் சொல்லி ஒரு பக்கம் வந்தால் பயப்பட வேண்டாம், "வேண்டாம்" என்று சொல்லித் தாண்டிப் போக அங்கேயே வழி இருக்கும். இலவச ரிப்போர்ட்டுக்குக் கார்டு நம்பர் தேவையே இல்லை. கேட்டால் நீங்கள் வேறு பக்கத்துக்குப் போய்விட்டீர்கள் என்று அர்த்தம்.

ஒரு தளத்தில், இந்த பான் எண்ணுக்கு ஏற்கெனவே கணக்கு இருக்கிறது என்று வந்தது. மாப்பிள்ளை கணக்கே தொடங்கியதில்லை. காசு வாங்கிய அந்த ஆள் தன்னுடைய இமெயிலைப் போட்டுத் தொடங்கி வைத்திருக்கிறான், ஓ.டி.பி.யை இவரே போனில் படித்துக் காட்டியிருக்கிறார். தன்னுடைய கடன் விவரம் முழுவதையும் முன்பின் தெரியாத ஒருவன் கையில் கொடுத்துவிட்டு, அதற்குக் காசும் கொடுத்திருக்கிறார் மனிதர். அடையாளச் சான்றை அனுப்பி இமெயிலை மாற்றி வாங்க ஒரு வாரம் ஆயிற்று. மற்ற மூன்றும் அன்றைக்கே வந்துவிட்டன.

ரிப்போர்ட் கைக்கு வந்ததும் எல்லோரும் ஸ்கோரைத்தான் பார்க்கிறோம். 300-லிருந்து 900 வரைக்கும் ஒரு எண், இவருக்கு 641. அதை விட்டுவிட்டுக் கீழே கடன் கடனாகப் படியுங்கள், விஷயம் அங்கேதான் இருக்கிறது. ஒவ்வொரு கடனுக்கும் மாதத்துக்கு ஒரு கட்டம் போட்டிருப்பார்கள். 000 என்றால் அந்த மாதம் பாக்கி இல்லை. வேறு எண் இருந்தால் அத்தனை நாள் தாமதம். மாப்பிள்ளையின் வண்டிக் கடன் வரிசை முழுக்க 000, பார்க்கவே நிறைவாக இருந்தது. அடுத்தது ஒரு செல்போன் கடன், பத்து மாத இ.எம்.ஐ. ஒன்பது கட்டம் சுத்தம். பத்தாவதில் 030, அப்புறம் 061, 091 என்று நிற்காமல் ஏறிக்கொண்டே போகிறது. பாக்கித் தொகை 590 ரூபாய்.

"இதைக் கட்டிட்டேனே மச்சான்" என்றார். கடைசித் தவணை பவுன்ஸ் ஆகியிருக்கிறது. தவணையை வீட்டுக்கு வந்து கேட்ட ஆளிடம் கொடுத்துவிட்டார். பவுன்ஸ் கட்டணம் 500, ஜி.எஸ்.டி. 90, அது மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. மூன்று மாதம் கழித்து அதையும் அந்த ஃபைனான்ஸின் கிளையில் கட்டி ரசீது வாங்கியிருக்கிறார். தங்கச்சிக்குப் போன் போட்டோம். அவள் பீரோவில் தேடி, அந்தச் செல்போன் வந்த அட்டைப்பெட்டிக்குள் சார்ஜர் ஒயரோடு சுருண்டு கிடந்த ரசீதைப் போட்டோ எடுத்து அனுப்பினாள். பாதி எழுத்து மங்கியிருந்தாலும் தேதியும் தொகையும் தெரிந்தன.

அந்த ஃபைனான்ஸ் கம்பெனி தன் கணக்கில் வரவு வைத்திருக்கிறது, தகவல் அனுப்புகிற இடத்தில் மாற்றவில்லை. 590 ரூபாய்க்காக மூன்று லட்சம் கடன் நின்றுபோனதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இப்படித் தவறு இருந்தால் அதே தளத்திலேயே ஆட்சேபம் பதிவு செய்யலாம், அதுவும் இலவசம். நாங்கள் ரசீதைச் சேர்த்து, பாக்கி தவறாக இருந்த ஒவ்வொரு இடத்திலும் போட்டோம், ஃபைனான்ஸ் கம்பெனிக்கும் தனியாக மெயில் அனுப்பி என்.ஓ.சி., அதாவது பாக்கி இல்லை என்ற சான்று, கேட்டோம். முப்பது நாளுக்குள் தீர்த்து வைக்க வேண்டும், தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் நமக்கு இழப்பீடு என்று 2023 அக்டோபரில் ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டது, 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. எங்களுக்கு இருபத்து நாலாம் நாள் பதில் வந்தது. கடன் முடிந்தது, பாக்கி பூஜ்யம். ஆனால் அந்த முதல் மூன்று மாதத் தாமதம் அப்படியே இருக்கிறது. அது உண்மையாக நடந்த தாமதம், இருக்கத்தான் செய்யும்.

நோட்டீஸ் ஒட்டுகிறவர்கள் மறைப்பது இதைத்தான். தகவல் தவறாக இருந்தால் நாமே காசில்லாமல் திருத்தலாம். சரியாக இருந்தால் யாராலும் அழிக்க முடியாது. கடன் கொடுத்தவர் உறுதி சொல்லாமல் அந்த நாலு கம்பெனிகளே ஒரு வரியை மாற்றுவதில்லை, இடையில் வருகிறவன் என்ன செய்துவிடுவான்?

அவன் செய்தது ஒன்று உண்டு. ரிப்போர்ட்டின் கடைசிப் பகுதியில், யார் யாரெல்லாம் கடனுக்காக இவர் விவரத்தை எடுத்துப் பார்த்தார்கள் என்ற பட்டியல் இருக்கும். அதில் ஒரே வாரத்தில் ஏழு பெயர். ஒன்றிலும் மாப்பிள்ளை கடன் கேட்கவில்லை. வாங்கிய ஓ.டி.பி.களை வைத்து லோன் ஆப்களில் இவர் பெயரில் விண்ணப்பம் தட்டியிருக்கிறான், ஏதாவது ஒன்றில் கடன் விழுந்தால் கமிஷன் கிடைக்கும் என்று. காசு கொடுத்து ஸ்கோரைக் குறைத்துக்கொண்ட கதை ஆயிற்று. அந்த ஏழுக்கும் தனியாக ஆட்சேபம் போட்டு, சைபர் குற்றத்துக்கான 1930-க்கும் சொல்லியிருக்கிறோம். ரிப்போர்ட் கம்பெனியின் பதில் சரியில்லை என்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 2022 செப்டம்பரிலிருந்து இந்த நாலு கம்பெனிகளும் அதற்குள் வந்துவிட்டன. 14448-க்குப் போன் செய்தால் வழி சொல்வார்கள், கட்டணம் கிடையாது.

எங்கள் வீட்டிலும் ஒன்று நடந்தது. ஒரு ரூபாயில் ஸ்கோர் பாருங்கள் என்று வந்த ஆப்பில் என் மனைவி ஒரு ரூபாய் கட்டினாள். அது ஆட்டோபே அனுமதி, அதாவது மாதாமாதம் தானாகவே பணம் எடுத்துக்கொள்ளக் கொடுக்கிற அனுமதி என்று அந்த நேரத்தில் தெரியவில்லை. அடுத்த மாதம் முதல் 199 போக ஆரம்பித்து, மூன்று மாதம் கழித்துத்தான் பாஸ்புக்கில் பார்த்தோம். இப்படிப் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்னால் தகவல் வர வேண்டும், வந்தும் இருக்கிறது, விளம்பர மெசேஜ்களுக்கு நடுவில் யார் படித்தார்கள். உங்கள் யு.பி.ஐ. ஆப்பில் ஆட்டோபே என்று ஒரு பகுதி இருக்கும், இப்போதே ஒரு முறை திறந்து பாருங்கள், தெரியாத பெயர் இருந்தால் அங்கேயே ரத்து செய்துவிடலாம்.

மாப்பிள்ளை போன வாரம் புது ரிப்போர்ட்டின் பிரிண்ட்டையும் என்.ஓ.சி.யையும் ஒரு ஃபைலில் போட்டுக்கொண்டு அதே வங்கிக்குப் போய் வந்தார். மேனேஜர் கட்டம் கட்டமாகப் பார்த்துவிட்டு, விண்ணப்பத்தை வாங்கி வைத்துக்கொண்டாராம். வருகிற ஞாயிறு அம்மாவின் முறை. இரண்டு பேரின் வங்கிக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்து போட்டிருக்கிறார், அந்த இருவரும் ஒழுங்காகக் கட்டினார்களா என்பது அம்மாவின் ரிப்போர்ட்டிலும் தெரியும் என்று சொன்னதிலிருந்து, எப்போது எடுத்துக் காட்டுவாய் என்று தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.