மனைப்பொருளியல் ரீச்சரின் நாட்குறிப்பு

ஜனவரி 20, வெள்ளவத்தை

பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பாடம் தெரிவுசெய்யும் நாள். ஒரு தாய் மகளோடு வந்தா. "மனைப்பொருளியல் வேண்டாம் ரீச்சர், ஐசிடி எடுக்கட்டும். சமையல் நான் வீட்டில பழக்குவன்தானே." ஐசிடி என்ற கணினிப் பாடம் நல்ல பாடம், எடுக்கட்டும். எங்கள் பாடத்தைச் சமையல் என்று சுருக்கியதுதான் மனதைச் சுட்டது.

ஜனவரி 21

கோயம்புத்தூர் அவிநாசிலிங்கம் கல்லூரியின் கதையை அந்தத் தாய்க்குச் சொல்லியிருக்கலாம். 1957இல் பெண்களுக்கென்றே தொடங்கிய மனையியல் கல்லூரி அது; எங்கள் மனைப்பொருளியலுக்கு அங்கே மனையியல் என்று பெயர். தொடங்கிய தி. சு. அவிநாசிலிங்கம் சுதந்திரப் போராட்டத்தில் சிறை போனவர், சென்னை மாகாணக் கல்வி அமைச்சராக இருந்தவர், தமிழுக்குக் கலைக்களஞ்சியம் கிடைக்க வழிசெய்தவர். அப்படிப்பட்டவர் மனையியலைப் பெரிதாக நினைத்தார். அதை வளர்த்தெடுத்த ராஜம்மாள் தேவதாஸ், ஒஹாயோவில் கலாநிதிப் பட்டம் பெற்ற போசாக்கு நிபுணர். 1988இல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. பெண்பிள்ளையை விஞ்ஞானம் படிக்க அனுப்பத் தயங்கிய குடும்பங்களும் "மனையியல்தானே" என்று அனுப்பியிருக்கும். உள்ளே போனால் இரசாயனமும் உடற்றொழிலியலும்! அந்தக் கல்லூரிகள் செய்த பெரிய காரியம் அதுதான் என்பேன்.

ஜனவரி 23

டெல்லி லேடி இர்வின் கல்லூரி இதற்கும் முந்தியது, 1932. அகில இந்திய மாதர் மாநாட்டுப் பெண்கள் முன்னின்று உருவாக்கியது. இந்தத் துறைக்கே வித்திட்ட எலன் ரிச்சர்ட்ஸ், 1873இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. தொழில்நுட்ப நிறுவனத்தில் பட்டம் பெற்ற முதல் பெண். குடிதண்ணீரையும் உணவுக் கலப்படத்தையும் ஆய்வுகூடத்தில் சோதித்த இரசாயனவியலாளர்.

ஜனவரி 27

இன்றைக்கு விற்றமின் சி. மாக் கரைசலில் இரண்டு துளி அயடீன் விட்டோம், கருநீலமானது. தேசிக்காய்ச் சாற்றைத் துளித்துளியாக விட, நீலம் வெளிறி, ஒரு துளியில் சட்டென்று மறைந்தது. சாற்றிலுள்ள விற்றமின் சிதான் அந்த நிறத்தைப் போக்குகிறது; அது குறைந்தால் கூடத் துளி வேண்டும். பிள்ளைகள் மேசையைச் சுற்றி நெருக்கிக்கொண்டு நின்றார்கள்.

ஒருத்தி கேட்டாள்: "அம்மம்மா சொதியை இறக்கினாப்பிறகுதான் தேசிக்காய் விடுவா. இதுக்குத்தானா ரீச்சர்?"

கொதிக்கக் கொதிக்க விட்டால் கசக்கும் என்பது அம்மம்மாவின் கணக்கு. விற்றமின் சூட்டில் குறையும் என்பது எங்கள் கணக்கு. அடுத்த பாடத்தில் காய்ச்சிய சாற்றோடும் செய்து, எத்தனை துளி கூடத் தேவைப்படுகிறது என்று கொப்பியில் எழுதச் சொல்லியிருக்கிறேன்.