சாமி மேடையில் ஒரு கடல்

மார்ச் 3, சுங்கை சிப்புட், மலேசியா

மகனுக்குப் பள்ளியில் ‘கடல் டைனோசர்’ பற்றி ஒப்படைப்பு. இக்தியோசர், பிளீசியோசர், மோசசர் மூன்றுக்கும் படம் அச்செடுத்துக் கொடுத்தேன். மூன்றும் டைனோசரே இல்லை, கடலுக்குத் திரும்பிப்போன வேறு ஊர்வன என்றதும் முகம் தொங்கிப்போயிற்று. தலைப்பை ஏற்கெனவே ஜிகினாப் பேனாவில் எழுதிவிட்டானாம்.

மார்ச் 5

2020இல் இங்கிலாந்துக் கடற்கரையில் 11 வயதுச் சிறுமி ஒருத்தியும் அவள் அப்பாவும் ஓர் இக்தியோசரின் தாடை எலும்புத் துண்டுகளைக் கண்டெடுத்தார்கள். அந்த ஒரு எலும்பே 2 மீட்டருக்கு மேல். உடம்பு 25 மீட்டர் இருக்கலாம் என்கிறார்கள். எங்கள் பழைய லயத்து வரிசை வீடுகளில் நாலைந்தின் நீளம்! கரையேறி முட்டையிட முடியாததால் தண்ணீரிலேயே குட்டி போட்டதாம். வயிற்றில் குட்டியோடு கல்லானவையும் கிடைத்திருக்கின்றன.

“ஈப்போ போற வழி மலையில தோண்டுனா கிடைக்குமாப்பா?”

கிடைக்காது. அந்தச் சுண்ணாம்பு மலைகளும் கடலடியில் உருவானவைதான். ஆனால் இக்தியோசர் பிறப்பதற்கு முந்தைய கடல்.

மார்ச் 8

திருச்சிப் பக்கத்துப் பாறையில் கிடைத்த முதுகெலும்புகளை வைத்து 1879இல் லைடெக்கர் என்பவர் ஓர் இக்தியோசருக்குப் பெயர் வைத்திருக்கிறார். அந்தப் பாறைத் தொகுதிக்குப் பெயர் ஊட்டத்தூர். மகனுக்குச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தேன். அடுப்படியிலிருந்து அம்மா, “அது எங்கப்பா ஊருடா” என்றார்.

அப்புறம்தான் சாமி மேடைக் கல் ஞாபகம் வந்தது. தாத்தா டிரங்குப் பெட்டியில் கொண்டுவந்தது. சாளக்கிராமம் என்று அம்மா தினமும் சந்தனம் வைப்பார்.

மார்ச் 9

பழைய பல் துலக்கியால் மெதுவாகத் தேய்த்தேன். நாற்பது வருடச் சந்தனம் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. அடியில் ஆட்டுக்கடாக் கொம்புபோல் சுருள், சுருளுக்குக் குறுக்கே வரிவரியாக மேடுகள். அம்மோனைட்! ஓட்டுக்குள் வாழ்ந்து அழிந்துபோன கடல் பிராணி, கணவாயின் தூரத்துச் சொந்தம். இந்த ராட்சதர்கள் திரிந்த காலத்துக் கடலில் மிதந்தது. சாளக்கிராமமும் பெரும்பாலும் அம்மோனைட்தான், ஆகவே அம்மா சொன்னதிலும் தப்பில்லை.

சந்தனத்தைத் துடைத்ததற்கு மட்டும் நல்ல வசவு விழுந்தது.

மார்ச் 12

ஒரே ஒரு நாள் என்று அம்மா சம்மதித்தார். மஞ்சள் துணியில் சுற்றி, மைலோ டின்னில் வைத்து, பள்ளி வேன்காரரிடமும் இரண்டு தடவை சொல்லி அனுப்பினார்.

மதியம் கல் திரும்பியது. குளிப்பாட்டி, புதுச் சந்தனம் வைத்து, முருகன் படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். டின்னை மகன் எடுத்துக்கொண்டான், கோலி போட.