மூணு மாசம்

"அண்ணே, ஆறு நல்லாயிரும். சரிதான். பிள்ளைக்கு மார்ச்சுல பரீட்சை இருக்கு. அதுவரைக்கும் வாடகை குடுக்கணும்லண்ணே?"

"மூணு மாசம் பொறுத்துக்கங்க தம்பி. எல்லாம் சரியாயிரும்."

நொய்யல் ஆற்றில் கழிவை விட்டுக்கொண்டிருந்த திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது 2011 ஜனவரி 28, வெள்ளிக்கிழமை. இந்தப் பேச்சு அடுத்த செவ்வாயோ புதனோ நடந்தது. ரேஷன் கார்டு விஷயமாக, அப்போது கவுன்சிலராக இருந்த என்னிடம் ஒரு கையெழுத்துக்கு வந்திருந்தார். தேனிப் பக்கத்துக்காரர், என் வார்டில் லைன் வீட்டில் குடியிருந்தார், சாயப்பட்டறையில் ஹெல்பர். கையெழுத்துப் போட்டுக்கொண்டே, நிமிராமல்தான் அந்தப் பதிலைச் சொன்னேன்.

அந்த மூன்று மாதம் எங்கிருந்து வந்தது என்று இன்னும் யோசிக்கிறேன். எந்த அதிகாரியும் சொல்லவில்லை. கழிவு ஒரு சொட்டுகூட வெளியே வராது என்ற நிலை வந்தால்தான் திறக்கலாம். அது மூன்று மாதத்தில் ஆகாது என்பது எனக்கு நன்றாகவே தெரியும். பருத்தியில் சாயம் பிடிக்க உப்புப் போட்டே ஆக வேண்டும். நிறத்தை எடுப்பது பெரிய காரியமில்லை, கரைந்த உப்பை எடுப்பதுதான் பாடு. சவ்வு வைத்து வடிகட்டினாலும் கடைசியில் மிஞ்சும் தண்ணீரைக் காய்ச்சி வற்ற வைக்க வேண்டும். இதையெல்லாம் மேடை மேடையாகப் பேசியவன் நான்.

என் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். நொய்யலில் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையை 1992-ல் பாசனத்துக்கென்று திறந்தார்கள். சில வருடங்களிலேயே அது சாயத் தண்ணீர்த் தொட்டியாகி, "திறக்காதீங்க, எங்களுக்கு இந்தத் தண்ணி வேண்டாம்" என்று விவசாயிகளே சொல்லும்படி ஆனது. எங்கள் கிணற்றில் மாடு வாய் வைக்காது. கழிவுநீருக்கே வரம்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராம் உப்பு. எங்கள் கிணற்றுத் தண்ணீர் அதைத் தாண்டியிருந்தது. 2006-ல் நான் கவுன்சிலருக்கு நின்றதே இதற்காகத்தான். கெடுவுக்கு மேல் கெடு கொடுத்துப் பார்த்துவிட்டுத்தான் நீதிமன்றம் மூடச் சொன்னது. அந்த உத்தரவில் தவறில்லை. மறுபடி அந்த நாள் வந்தாலும் வரவேற்பேன்.

ஆனால் உத்தரவு சரியா தவறா என்று அவர் கேட்கவில்லையே. வாடகையைப் பற்றித்தானே கேட்டார்.

நிலம் கெட்ட விவசாயிகளுக்கு இழப்பீடு கணக்கிட ஓர் ஆணையம் இருந்தது. அதற்கு மனு எழுதிக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். அப்புறம் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் அறிவித்தது. லைன் வீட்டுக்காரர்களுக்காக நான் ஒரு மனுவும் எழுதவில்லை. மன்றத்தில் ஒரு தீர்மானமாவது கொண்டு வந்திருக்கலாம். பேரூராட்சித் தீர்மானத்தால் வாடகை வந்துவிடுமா? வராதுதான். சாயக்கழிவை எதிர்த்து நான் கொண்டு வந்த தீர்மானங்களாலும் ஒரு பட்டறைகூட மூடவில்லை. இருந்தும் வருடா வருடம் கொண்டு வந்தேன்.

அதெல்லாம் போகட்டும். அந்த லைன் வீட்டு ஓனர் எங்கள் தோட்டத்துக்குப் பக்கத்துக்காரர். "பரீட்சை முடியற வரைக்கும் பொறுங்க" என்று அவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தட்டியிருக்க மாட்டார். அதற்கு எந்தப் பதவியும் வேண்டியதில்லை. ஊர் ஊராகப் பேசப் போய்க்கொண்டிருந்தேன், நேரமில்லை என்றுதான் அப்போது நினைத்தேன். ஓனரின் தோட்டம் எங்கள் வரப்பைத் தாண்டினால் வந்துவிடும்.

மார்ச் முதல் வாரம் அந்தப் பக்கம் போனபோது வீடு பூட்டியிருந்தது. "அவங்க போன மாசமே ஊருக்குப் போயிட்டாங்களே" என்றார் பக்கத்து வீட்டம்மா. பிள்ளை பரீட்சை எழுத வருமா என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை.

அந்த அக்டோபர் தேர்தலில் தோற்றேன். ஆற்றுக்காகப் பதவியை இழந்தவர் என்று நண்பர்கள் கூட்டங்களில் சொல்வார்கள். மறுக்கத் தோன்றும். மறுத்ததில்லை.

இப்போதும் கல்லூரிப் பிள்ளைகள் ஆற்றைப் பற்றிக் கேட்டுக்கொண்டு வருகிறார்கள். போன மாதம் வந்த ஒரு பெண், "மூடினப்ப அதுல வேலை பார்த்தவங்க என்ன ஆனாங்க சார்?" என்றாள். நிறையப் பேர் ஊருக்குப் போய்விட்டார்கள் என்றேன். உங்கள் வார்டில் எத்தனை பேர் என்று கேட்டாள். கிணற்று உப்பின் அளவை வருடவாரியாக எழுதி வைத்த நோட்டு என்னிடம் இருக்கிறது. அதை எடுத்து அவளிடம் கொடுத்தேன்.