நிலைப்படி தாண்டும் பயிற்சி

மே 4, ஞாயிறு

அக்னி நட்சத்திரம் தொடங்கிவிட்டது. பாளையங்கோட்டையில் காலை எட்டு மணிக்கே வெயில் தார்சாவுக்குள், அதாவது முன்கூடத்துக்குள், வந்துவிடுகிறது. எனக்கு இருப்பது மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ், சுருக்கமாக எம்.எஸ். மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்புகளின் மேலுறையை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அரித்துவிடும் நோய். உறை போன நரம்பில் செய்தி மெதுவாகத்தான் போகும். உடம்புச் சூடு கொஞ்சம் கூடினாலும் இன்னும் தடுமாறும். உடலை வருத்தியபின் இந்த நோயாளிகளுக்குப் பார்வை மங்குவதை 1890-இலேயே ஊத்தாஃப் என்ற ஜெர்மன் கண் மருத்துவர் பதிவு செய்திருக்கிறார். உடம்பு குளிர்ந்ததும் அது சரியாகிவிடும். நோய் முற்றிவிட்டதென்று பயப்பட வேண்டியதில்லை. அதனால் விழாமல் நடக்கச் செய்யும் பயிற்சியை நான் விடப்போவதில்லை, நேரத்தைத்தான் மாற்றுகிறேன். இனி விடிகாலை ஐந்தரைக்கு, ஃபேனுக்கு அடியில், கழுத்தில் ஈரத்துண்டோடு.

மே 7, புதன்

பிசியோதெரபிஸ்ட் (பிசியோ) சொன்னவை: நாற்காலியில் கையூன்றாமல் எழுந்து உட்காருவது, அடுக்களை மேடையைப் பிடித்துக் குதிகால் தூக்குவது, மேடை ஓரமாகவே பக்கவாட்டில் நடப்பது. பின்னால் ஒரு நாற்காலி கட்டாயம் வேண்டும், மைனி (அண்ணன் மனைவி) வீட்டில் இருக்க வேண்டும். களைத்தால் நிறுத்திவிடணும். களைத்த காலில் பாதம் தொங்கும், விரல் நுனி தரையில் இடறும்.

மே 13, செவ்வாய்

எங்களுடையது பழைய வளவு வீடு. தார்சாவிலிருந்து பட்டாசல் என்கிற உள்கூடத்துக்கு ஒரு நிலைப்படி, அங்கிருந்து அடுக்களைக்கு இன்னொன்று. நிலைப்படியை மிதிக்கக் கூடாது என்று ஆச்சி சொல்லி வளர்ந்தவர்கள் நாங்கள், தாண்டித்தான் போவோம். தாண்டும் அந்த நொடியில் மொத்த உடம்பும் ஒற்றைக்காலில் நிற்கிறது. நான் இடறுவதெல்லாம் அங்கேதான்.

இதைச் சொன்னதும் பிசியோ பயிற்சியையே மாற்றிவிட்டார். நிலைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, வலது காலை முழங்கால் மடங்க உயர்த்தி, அந்தப் பக்கத் தரையைத் தொட்டுவிட்டு மறுபடி இந்தப் பக்கம் வைக்க வேண்டும். தொங்கும் கால் உயரப் பழகுகிறது, நல்ல கால் தாங்கப் பழகுகிறது. விழுகிற இடத்தை விட்டுவிட்டு வேறெங்கோ கால் பலத்தை மட்டும் கூட்டி என்ன பயன்? எம்.எஸ். உள்ளவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் மூன்று மாதத்துக்குள் ஒரு முறையாவது விழுகிறார்கள் என்று பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. அவரவர் வீட்டில் எங்கே, எதைச் செய்யும்போது என்று பார்த்தாக வேண்டும்.

மே 19, திங்கள்

நேராக நடப்பது எனக்குச் சிரமமில்லை. திரும்பும்போதும், பேசிக்கொண்டே நடக்கும்போதும்தான் ஆட்டம் காண்கிறது. நமக்குத் தானாக வரவேண்டிய நடைக்கு இந்த நோயில் கவனம் தேவைப்படுகிறது; பேச்சு அந்தக் கவனத்தைப் பங்கு கேட்கிறது. லீவில் இருக்கிற அண்ணன் மகன் இப்போது என் வாத்தியார். நாற்காலியிலிருந்து எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காருவதற்குள் "அத்தை, பதிமூணாம் வாய்ப்பாடு!" என்கிறான். திரும்பும்போது பாதத்தைத் திருகாமல் சின்னச் சின்ன அடியாக வைத்து வளைய வேண்டும். அங்கே வாய்ப்பாடு நின்றுவிடுகிறது, கால் நிற்பதில்லை. அவனுக்கு அப்படியொரு சந்தோஷம்.

மே 23, வெள்ளி

எண்ணெய்க் குளியல். தலைக்குத் தண்ணீர் ஊற்றும்போது கண் மூடும். பாதத்தின் உணர்ச்சி மங்கியவர்களுக்குக் கண்தான் துணை. அதுவும் மூடிவிட்டால் தரை எங்கே என்று உடம்புக்குத் தெரியாது. எண்ணெய் வழுக்கும், வெந்நீர் சூட்டையும் கூட்டும். இனி ஸ்டூலில் உட்கார்ந்து, வெதுவெதுப்பான தண்ணீரில்தான். ராத்திரி அவசரமாக பாத்ரூம் போகும் வழியில் சின்ன பல்பு ஒன்று எரிகிறது.

ஜூன் 8, ஞாயிறு

விழவே மாட்டேன் என்று என்னால் சொல்ல முடியாது. அதனால் எழுவதையும் பழகுகிறேன். பாயில் ஒருக்களித்து, முழங்கையூன்றி, மண்டியிட்டு, நாற்காலியைப் பிடித்து, பலமான காலை முன்னே வைத்து எழ வேண்டும். கக்கத்தில் கைகொடுத்து இழுக்கக் கூடாது, அடிபட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு நாற்காலியை எடுத்துப்போட்டால் போதும் என்று மைனியிடம் சொன்னேன். "நீ கீழ கெடக்கும்போது நான் பாத்துக்கிட்டு நிக்கவா?" என்று கண்கலங்கினாள். அப்புறம் அவளே நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு இரண்டு தடவை ஒத்திகை பார்த்தாள்.

மேல்காற்று வீச ஆரம்பித்திருக்கிறது, சாயங்காலமும் பயிற்சி செய்ய முடிகிறது. மாடிப்படிக்குக் கைப்பிடி போட அடுத்த வாரம் ஆசாரி வருகிறார். இரண்டு பக்கமும் போடச் சொல்லியிருக்கிறேன்.